உயிர்ச்சுமை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிற பிள்ளையும் உள்ளே வரட்டும். நெருங்கி உட்கார்ந்தால் எல்லாருக்கும் இடம் காணும். மனிதர்களை எண்ணத் தெரிந்த ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். நன்றாகத்தான் எண்ணியது. ஓர் ஆளை மட்டும் விட்டுவிட்டது. அந்த ஆளைத் தேடிப் போனவள் பெயர் தெபோராள்.

தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலைப் பார்த்தாற்போல் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில், கட்டமைப்புப் பொறியியல் துறையில் அவள் பேராசிரியை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு வீடு எதனால் நிற்கிறது, எப்போது விழும் என்ற இரண்டு கேள்விதான் அந்தப் படிப்பு மொத்தமும். அதற்காக அங்கே சினிமாக் கொட்டகை உயரத்துக்கு ஒரு சோதனைக்கூடம் இருந்தது. கான்கிரீட் உத்தரங்களை வார்த்து, நாள்தோறும் தண்ணீர் விட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்து, கடைசியில் ஒரு பெரிய எந்திரத்துக்கு அடியில் வைத்து உடைத்துப் பார்ப்பார்கள். உடைவதற்கு முன்னால் உத்தரம் ‘டிக்... டிக்’ என்று மெல்லப் பேசும். மாணவர்கள் உடைகிற சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். தெபோராள் அந்த ‘டிக்’குக்காகக் காது கொடுத்து நிற்பாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போலத் தூணில் ஒருதரம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். கல்யாண மண்டபத்தில்கூட. அவள் வீட்டுக்காரர் இதற்காகவே அவளோடு விசேஷங்களுக்குப் போகக் கூசுவார்.

துறைத் தலைவர் பெயர் குற்றாலலிங்கம். ஒரு பெருவெள்ள வருஷத்தில் அவருடைய சொந்த ஊரில் அடிமண் அரித்துப்போய், ஒரு மாடிக் கட்டடம் ஆட்களோடு மொத்தமாகச் சரிந்தது. ஒரு மூலை மட்டும் விழுந்திருந்தால் முக்கால்வாசிப் பேர் பிழைத்திருப்பார்கள் என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. பாடுபட்டு ஒரு தூணைச் செய்தார். தூணுக்கு நடுவே ஒரு குழல். குழலுக்குள் களி மாதிரி ஒன்று. மின்சாரம் பட்டால் அது கல்லாக இறுகிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். மின்சாரத்தை எடுத்தால் இளகி, பக்கத்துத் தூணிடம் பாரத்தைக் கொடுத்துவிடும். தண்ணீர்க்குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்கிற மாதிரி, கட்டடம் தன் பாரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். மாணவர்கள் அதற்குக் கூட்டுக்குடும்பத் தூண் என்று பேர் வைத்தார்கள்.

எந்தத் தூணிடம் கொடுப்பது? அங்கேதான் சூட்சுமம். தரைக்குள்ளே தலைமுடி போன்ற இழைகளைப் பதித்து, எந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கட்டடம் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆட்கள் குறைந்த பக்கத்துத் தூணில் பாரத்தைத் தள்ளும். தாங்காத நிலை வந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றும். எதையுமே விட்டுக்கொடுக்க வழியில்லை என்றால் மட்டும், ‘எல்லாரும் கீழே இறங்குங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லும். அந்த அறிவிப்பைத் தெபோராள்தான் இளவயதில் பேசிப் பதிவு செய்தாள். தென்மாவட்டம் முழுக்க இத்தனை கட்டடங்கள் எழும்பியும், ஒன்றுகூட அதை ஒருதரமும் சொன்னதில்லை. துறையில் எல்லாருக்கும் அதில் ஒரு பெருமை.

இன்னொரு விஷயம். கட்டடத்தின் மேல் இரண்டு விதமான பாரம் உண்டு. சுவர், தளம், தண்ணீர்த்தொட்டி என்று இருந்த இடத்திலேயே இருக்கிற பாரம் நிலைச்சுமை. வந்து போகிற பாரத்துக்கு இயங்குசுமை என்று சில புத்தகங்களில் இருந்தது. குற்றாலலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. “என்னய்யா இயங்குசுமை? உயிர்ச்சுமைன்னு எழுதுங்க. உள்ள இருக்கிறது மனுசங்கன்னு எஞ்சினியருக்கு உறைக்கணும்” என்றார். நல்ல மனசோடு வைத்த பெயர். பாடப்புத்தகத்தில் ஏறியது, அரசாங்கக் கோப்பில் ஏறியது, கட்டடங்களின் திரையிலும் ஏறியது. உயிர்ச்சுமை இத்தனை என்று திரையில் பார்த்தவர்கள் எல்லாம், எந்திரம் உயிரைத்தான் எண்ணுகிறது என்று நம்பினார்கள். தெபோராளும்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அவள் துறைத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், அலைவாய் நகர் கட்டடம் பாரத்தைப் பூரா ஈசானி மூலையிலேயே கொண்டு போய்ப் போடுது. மாசக்கணக்கா இப்படித்தான்.”

“அதுக்கு வாஸ்து தெரியல போல” என்று சிரித்தார் அவர். “யாரும் சண்டைக்கு வந்தாங்களா?”

“விளையாட்டு இல்ல சார். மத்த தூண் எல்லாம் சும்மா நிக்குது. அது ஒண்ணு மட்டும் மாடா உழைக்குது.”

“அந்த வீடுகள்ல ஆள் இருக்காதும்மா. பாருங்க, உயிர்ச்சுமை சுழின்னு காட்டுது. ஆளில்லாத பக்கம் பாரம் போறதுக்குத்தானே இத்தனை பாடுபட்டோம்?”

“காலையிலயும் சாயங்காலமும் கொஞ்சம் காட்டுது. நடுவுலதான் சுழி.”

“வேலைக்குப் போறவங்க வீடா இருக்கும்.”

“மூணாம் மாடில ஆளில்லைங்கிற வீட்டுக்குள்ள மத்தியானம் ஃபேன் ஓடுது சார்.”

குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “ஃபேன் ஓடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இழைகள் எல்லா அதிர்வையும் கேட்கும். காலடிக்குக் கீழான சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் எந்திரம் இரைச்சல் என்று கழித்துவிடும். கழித்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெபோராள் பார்த்திருந்தாள், சும்மா, என்னதான் இருக்கிறதென்று பார்க்க. ஃபேன் சுற்றுகிற நடுக்கம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது எழுந்து எழுந்து அடங்கியது. அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“போய்ப் பாத்துட்டு வாரேன் சார்” என்று குடையை எடுத்தாள்.

அலைவாய் நகர் கடற்கரைச் சாலையில், ஊறிப்போன மண்ணில், நான்கு மாடியாக நின்றது. மூன்றாம் மாடியில் மூலை வீட்டுக் கதவு நிலைக்குள் பொருந்தவே இல்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தட்டக் கை ஓங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருன்னாலும் கயித்த அவுத்துட்டு உள்ள வாங்க. படியில நிக்காதீய, உள்ள எடம் கெடக்கு!”

உள்ளே இரும்புக் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. முகம் மட்டும் ஒரு திருவிழாவே நடத்திக்கொண்டிருந்தது. பேர் ஆறுமுகநயினார். பஸ் கண்டக்டராக இருந்தவர். மழையில் பஸ் கவிழ்ந்து முதுகுத்தண்டு போயிற்று. பெண்சாதி கோமு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

“நான் காலேஜ்ல இருந்து வாரேன் அண்ணாச்சி. இந்தக் கட்டடத்துத் தூண் எங்க துறையில செஞ்சது.”

“அப்பிடியா! நல்ல வேளைக்கு வந்தீய டீச்சர். ஒரு புகார் இருக்கு. வீடு எங்கிட்ட வருது.”

“வருதுன்னா?”

“மேல பாருங்க. அந்தக் கீறல் ஆடி மாசம் ஃபேன் பக்கத்துல நின்னுச்சு. இப்ப என் நெத்திக்கு நேரா வந்துட்டு. மலைப்பாதை ரூட்டு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு வருது பாத்தீயளா? நமக்கு வேற என்ன வேல, மல்லாந்து கெடந்து அதத்தான் பாக்கேன். கோமு கிட்ட சொன்னா, ‘உமக்குப் பொழுது போகல, கீறலுக்குக் கதை கட்டுதீரு’ன்னு ஏசுதா.”

தெபோராள் மூலைத் தூணில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது. தன் கையா, தூணா என்று முதலில் தெரியவில்லை. பையிலிருந்து கணினிப் பலகையை எடுத்து, அந்த வீட்டில் கழிக்கப்பட்ட இரைச்சலைத் திரையில் போட்டாள். எழுந்து எழுந்து அடங்கிய கோடு ஓடியது. கட்டிலைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மூச்சைப் பிடிங்களேன்.”

“எதுக்கு? நாத்தமடிக்கா?”

“ஐயோ, இல்ல. பிடிங்க, சொல்லுதேன்.”

அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு பிடித்தார். கோடு படுத்துவிட்டது, அதன் மேல் மிகப் பொடியாக, ஒரே சீராகத் துடிக்கிற இன்னொரு கோடு மட்டும் மிஞ்சியது. அவர் ‘உஸ்’ஸென்று விட்டதும் அலை திரும்ப எழுந்தது. அந்த ஒரு நிமிஷம், கண்ணுகளா, தெபோராளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்லும் இரும்பும் ஒரு மனிதனின் நெஞ்சடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது! அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷம் அணைந்துவிட்டது.

“நீங்க தெரியுதீங்க அண்ணாச்சி. நல்லாவே தெரியுதீங்க. நாங்கதான் கழிச்சிட்டோம்.”

“எதக் கழிச்சீய?”

“நடக்கிற ஆளத்தான் எந்திரம் ஆள்னு எண்ணுது. அசையாம இருக்கிறத எல்லாம் சாமான்னு நினைச்சுக்கிடும்.”

“அப்ப இந்தக் கட்டடத்துக் கணக்குல நான் யாரு?”

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். “கட்டில், பீரோ, கிரைண்டர்... அதோட சேத்தி.”

ஆறுமுகநயினார் சத்தமாகச் சிரித்தார். “எங்க மாமியா இதத்தான் ஆரம்பத்துலயே சொன்னா. அவளுக்கு ஒரு எந்திரமும் தேவப்படல.”

கோமு பகல் முழுக்க வெளியே. மேல்வீட்டிலும் கீழ்வீடுகளிலும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே பகல் முழுக்க அந்த மூலைதான் கட்டடத்துக்கு ஆளில்லாத மூலை. மாதக்கணக்காக நான்கு மாடியின் பாரமும் இந்த மனிதரின் தலைமாட்டுத் தூணில் வந்து குந்தியிருக்கிறது. மழையில் மண் இன்னும் கொஞ்சம் இறங்கினால், கட்டடம் எதை விட்டுக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லிவிட்டு, துறைத் தலைவரைக் கூட்டிவரப் படியில் ஓடி இறங்கினாள்.

துறைக்கு வந்தபோது குற்றாலலிங்கம் மாடி வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்திலும் அதே தூண்கள்தான். தெபோராளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வராந்தாவில் நின்றபடியே அந்த வகுப்பறையின் உயிர்ச்சுமையைத் திரையில் கேட்டாள். ஒன்று என்று காட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். வகுப்பு நிரம்பியிருந்தது. கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே சார் மட்டும் நடந்துகொண்டிருந்தார். மாணவர்களில் பாதிப்பேர் மெய்மறந்து கேட்டார்கள், மீதிப்பேர் மெய்யாகவே தூங்கினார்கள். ஒருவரும் அசையவில்லை.

வகுப்பு விட்டதும் அவள் அதைக் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார். “என் பாடத்துக்கு எந்திரமே மார்க் போட்டிருச்சு.” பிறகு அவள் ஆறுமுகநயினாரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் சிரிப்பு ஓரம் ஓரமாகக் கரைந்துபோயிற்று.

“உயிர்ச்சுமைன்னு பேர் வச்சேனே” என்றார்.

“வச்சீங்க சார். அதுக்கப்புறம் அது எதை எண்ணுதுன்னு நாம யாருமே கேக்கல. பேரே பதில் சொல்லிட்டு.”

“அவரை ஆஸ்பத்திரிக்கு மாத்திருவோம். இன்னைக்கே.”

“கழிக்கிறத நிப்பாட்டுவோம் சார். மூச்சையும் சேத்து எண்ணட்டும்.”

“அவசரப்படாதீங்க தெபோரா.” அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “எல்லா உயிரையும் எண்ணினா, எதையும் விட்டுக்கொடுக்க மனசு வராது அதுக்கு. விட்டுக்கொடுக்க முடியாத கட்டடம் மொத்தமாப் போகும். நான் பாத்திருக்கேன்ம்மா. ஒரு மூலை போயிருந்தா மத்தவங்க பிழைச்சிருப்பாங்க.”

“முடியலன்னா முடியலன்னு சொல்லட்டுமே சார். அதுக்குத்தானே என்னப் பேச வச்சு வாயெல்லாம் குடுத்திருக்கோம்? ஒருதரமாவது அது வாயத் திறந்திருக்கா?”

அவள் கேட்ட கேள்வி அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. ஏன் ஒரு கட்டடமும் வாயே திறக்கவில்லை? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே மழை இன்னும் வலுத்தது.

“வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றார் குற்றாலலிங்கம்.

அவர்கள் போய்ச் சேருவதற்குள் அலைவாய் நகரில் விஷயம் பரவியிருந்தது. ஆறுமுகநயினார் படுத்த படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாக ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிவிட்டார். மூன்றாம் மாடி நடையில் கூட்டம். முன்னால் நின்றவள் இரண்டாம் மாடி ரோஸ்லின். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் வராவிட்டாலும், லைட் எரியாவிட்டாலும் முதலில் கேட்கிறது அவள் குரல்தான்.

“சார்வாள், ஒரு ஆளத் தூக்கிட்டுப் போக இத்தன யோசனையா? ஆம்புலன்சு வரச் சொல்லுங்க, அண்ணாச்சியக் கொண்டு போங்க. மூலையப் பூட்டிப் போடுங்க. நாங்க நிம்மதியா இருப்போம். இந்த மழையில எல்லாரும் எங்க போய் நிக்க?”

“ஏ ரோஸ்லினு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நான் போறதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சீட்டு காலியானா அடுத்து யாரு ஏறுவான்னு மட்டும் டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்லு.”

கூட்டம் சிரித்தது. தெபோராள் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி. கணினிப் பலகையில் ஆறுமுகநயினாரின் மூலையை அடைத்துவிட்டதாக வைத்து, அடுத்து மண் இறங்கினால் எந்தப் பக்கம் என்று கேட்டாள். திரை ஒரு கணம் யோசித்தது. எதிர்மூலையில் ஒரு கட்டம் நிறம் மாறியது.

“இரண்டாம் மாடி, தெக்குக் கடைசி. அது யார் வீடு?”

ரோஸ்லினின் முகம் வெளுத்தது.

“எங்க வீடுதான். அங்க எப்பிடி ஆளில்லாமப் போவும்? எந்தங்கச்சி பிள்ளப் பெத்து வந்திருக்கா. ரெண்டும் ஒறங்குதுவ.”

“உறங்குதாங்க. அதான்க்கா” என்றாள் தெபோராள் மெதுவாக. “பிள்ளை எந்திரத்துக்குப் பத்தாத கனம். தாயும் அசையல.”

ரோஸ்லின் படியில் இறங்கி ஓடிய சத்தம் கீழே போய்ச் சேரும்வரைக்கும் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

எந்திரத்தின் விதியை மாற்ற இரண்டு விரல் வேண்டும். ஒன்று தெபோராளுடையது, மற்றொன்று துறைத் தலைவருடையது. அவள் தன் கட்டைவிரலை வைத்துவிட்டுப் பலகையை அவரிடம் நீட்டினாள். குற்றாலலிங்கம் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். அவருடைய தலைக்கு நேரே இருந்த கீறலைப் பார்த்தார். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு அப்போதுதான் உதிர்ந்து போர்வையில் விழுந்திருந்தது. அவர் குனிந்து அதைத் தட்டிவிட்டார். பிறகு விரலை வைத்தார்.

கட்டடம் எண்ணத் தொடங்கியது.

நடக்கிறவர்கள், நிற்கிறவர்கள், கட்டிலில் கிடக்கிறவர், தாயின் பக்கத்தில் உறங்குகிற பொடிசு, நான்காம் மாடியில் காய்ச்சலில் சுருண்டிருந்த மீன்காரர், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்திருந்த ஒரு பெண். ஒவ்வொரு மூச்சாக எடுத்து எடுத்து வைத்தது. திரையில் ஆளில்லாத கட்டம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கே பாரத்தைத் தள்ளலாம் என்று இங்கே தேடியது, அங்கே தேடியது. அப்புறம் தேடுவதை நிறுத்தியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. தெபோராளின் இளவயதுக் குரல், அவளே மறந்துபோன அந்தக் குரல், நடை முழுக்கப் பேசியது.

“என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் கீழே இறங்குங்கள். யாரையும் விட்டுவிடாதீர்கள்.”

குற்றாலலிங்கம் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். இத்தனை வருஷமும் இந்தக் கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டாரே, அது தூணின் பலத்தால் வந்த பத்திரம் இல்லை. செலவழிக்க ஓர் ஆள் அதன் கையில் இருந்தார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் யாரும் யாரோடும் வாதாடவில்லை. குழந்தைகளை இடுப்பில் வைத்தார்கள், வயசானவர்களைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஆறுமுகநயினாரைக் கட்டிலோடு தூக்கினார்கள். தலைமாட்டில் ஒரு காலைக் குற்றாலலிங்கம் பிடித்துக்கொண்டார். “சார், நீங்க விடுங்க” என்றதற்கு அவர் தலையை மட்டும் அசைத்தார். படி குறுகல், திருப்பத்தில் கட்டில் சிக்கியது. அங்கேதான் கண்டக்டருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது.

“ஓல்டேன்! ஓல்டேன்! பின்னால கொஞ்சம் ஒசத்துங்க. ஆங், வரட்டும், வரட்டும். சார்வாள், லெஃப்டுல ஒடிங்க. ரை... ரைட்!”

மழைக்குள் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். முகத்தில் விழுகிற மழையைத் துடைக்க ஒருத்தி முந்தானையை எடுத்தாள். “வேண்டாம் தாயி, இருக்கட்டும்” என்றார். வானத்தைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று அவருக்கு.

ரோஸ்லின் பிள்ளையைத் தன் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு தங்கையோடு வந்து நின்றாள். எல்லாத் தலையும் கீழே வந்த பிறகு தெபோராள் திரையைப் பார்த்தாள். உள்ளே ஒரு மூச்சும் இல்லை. கட்டடமும் அதைத் தெரிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் எங்கோ உள்ளே ‘டிக்’ என்றது. ‘டிக்... டிக்’ என்றது. ஈசானி மூலை, வெகுதூரம் நடந்து வந்த மனுஷி முழங்காலில் கைவைத்து உட்காருகிற மாதிரி, மேலிருந்து கீழ்வரைக்கும் மெல்ல மடங்கி உட்கார்ந்தது. மற்ற மூலைகள் நின்றன. தூசி எழுந்தது, மழை அதை அமர்த்தியது.

கோமு அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தாள். மூலை இருந்த இடத்தில் வானம் தெரிவதைப் பார்த்து, தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். “ஏட்டி, இங்க கெடக்கேன்!” என்று கட்டில் கத்தியது. அவள் ஓடிவந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு அழுது, ஒரு மூச்சு ஏசி, “புதுசா வாங்குன குக்கரு போச்சே” என்றாள்.

எல்லாரையும் துறையின் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உத்தரங்களை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய்களை விரித்தார்கள். பெரிய எந்திரத்தின் காலடியில் பிள்ளை பெற்றவளுக்குத் திரை கட்டினார்கள். மாணவர்கள் விடுதியிலிருந்து சோறும் ரசமும் சுமந்து வந்தார்கள். அந்தக் கூடத்தின் கணக்கிலும் மூச்சைச் சேர்க்கச் சொல்லியிருந்தாள் தெபோராள். ஆறுமுகநயினாரின் கட்டிலருகே உட்கார்ந்து, அவருடைய கோட்டைத் தனியே எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

“இதுதான் நானா? நல்லா துள்ளுதே!” என்றார். “இப்ப என்ன எதுல எழுதியிருக்கீய டீச்சர்? பீரோவுலயா?”

“இல்ல அண்ணாச்சி. உயிர்ச்சுமையில.”

அவர் யோசித்தார். “அப்பவும் சுமைதானா? அதுல ஒரு மாத்தமும் கெடையாதா?”

கோமுதான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “ஆமா, சுமைதான். நான் சொமக்கேன்லா, எனக்குத் தெரியாதா? வாயத் தொறயும்.”

அவர் வாயைத் திறந்தார். கோடு துள்ளியது.

சற்றுத் தள்ளி நின்ற குற்றாலலிங்கம் இதைக் கேட்டார். தன் அறைக்குப் போனார். தெபோராள் பின்னாலேயே போனாள். மேசைத் திரையில் தென்மாவட்டங்களின் படம் விரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பச்சைப் புள்ளி. மழை கொட்டுகிற ஊரிலெல்லாம் பச்சைப் பசேலென்று புள்ளிகள். அத்தனையும் பத்திரம் என்று அர்த்தம்.

“எல்லாத்துக்கும் புதுக் கணக்க அனுப்பணும்” என்றார் அவர். “நாளைக்கு நம்மள என்ன வேணும்னாலும் பேசுவாங்க, தெபோரா. தூண் தோத்துப் போச்சும்பாங்க. மழைக்காலத்துல ஊரைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன்னு என்னச் சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க சார்.”

“அந்தப் பச்சையில எத்தனை பச்சை நெசம்னு உங்களுக்குத் தோணுது?”

“தெரியல சார். பாத்தாத்தான் தெரியும்.” அவள் குரலில் பயம் இருந்தது. அதற்குள்ளேயும், உத்தரத்தின் பக்கத்தில் காது கொடுத்து நிற்பவளின் அந்த ஆவல் இருந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்கவும் வேண்டாம் என்பது போல அவர் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

இருவரும் விரல் வைத்தார்கள். கட்டடங்கள் எண்ணத் தொடங்கின. வீடு வீடாக, பாய் பாயாக, கட்டில் கட்டிலாக, இதுவரைக்கும் இரைச்சல் என்று கழித்துவைத்த மூச்சையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தன.

வெகுநேரம் எல்லாப் புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. குற்றாலலிங்கம் மூச்சு விட்டார்.

பிறகு படத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு புள்ளி சிவந்தது. மேசைத் தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுப்பதற்குள் வடக்கே இன்னொன்று சிவந்தது. எங்கேயோ ஒரு கட்டடம், யாரோ ஒருவரை, இத்தனை நாள் கழித்து, உயிரோடு இருக்கிறவராகக் கண்டுகொண்டிருந்தது.

“சொல்லுங்க, குற்றாலலிங்கம்தான் பேசுறேன்” என்றார் அவர். “ஆமா. எல்லாரையும் இறக்குங்க. மொதல்ல, அங்க படுத்த படுக்கையா இருக்கிறது யாருன்னு கேளுங்க.”

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. எழுந்து பார்த்துப் போங்கள், வழியெல்லாம் மழைத்தண்ணீர். உங்கள் வீட்டுத் தூண்கள் திடமாக நிற்கட்டும். கதவுகள் நிலையில் பொருந்தித் திறக்கட்டும், மூடட்டும். உலை வைக்கிறவள் அரிசி அளக்கும்போது, உள் அறையில் சத்தமில்லாமல் படுத்திருக்கிறவருக்கும் சேர்த்து ஒரு கை கூடுதலாகவே விழட்டும். உங்கள் வீட்டில் மூச்சுவிடுகிற ஒவ்வொருவரும் நன்றாக இருக்கட்டும்.